சுவரில் பூக்கிற உப்பும் சோற்றில் போடுகிற உப்பும் ஒன்றுதானா?

வளவுவீட்டுக்காரி:

வணக்கம். இது வேதியியல் கேள்வியா, கட்டடக் கேள்வியா, பங்காளிச் சண்டையா என்று எனக்கே தெரியவில்லை. மூன்றும் கலந்து இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பெரிய வீடு கானாடுகாத்தான் பக்கத்தில் இருக்கிறது. ஐயாவின் அப்பா பர்மாவுக்குக் கொண்டுவிக்க (அதாவது வியாபாரத்துக்கு)ப் போய்ச் சம்பாதித்துக் கட்டியது. இப்போது ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு பங்காளிக் குடும்பத்துக்குப் பொது. யாரும் குடியில்லை. காரைக்குடியில் இருப்பதால் சாவி என்னிடம். வாரம் ஒரு தரம் போய்த் திறந்து, கூட்டி, விளக்கேற்றிவிட்டு வருவேன்.

இரண்டாங்கட்டில் உக்கிராண அறை (சாமான் வைக்கிற அறை) இருக்கிறது. அதன் சுவரில் தரையிலிருந்து தொடை உயரம் வரை வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூத்திருக்கிறது. கையால் தட்டினால் உதிர்கிறது. உதிர்கிறபோது அடியில் இருக்கிற பூச்சும் பொரித்த அப்பளம் மாதிரி ஏடு ஏடாக வருகிறது. சுத்தமாகப் பெருக்கி அள்ளிவிட்டு வந்தால் அடுத்த வாரம் மறுபடி பூத்து நிற்கிறது. இப்போது முகப்புப் பக்கத்துச் சுவரிலும் ஆரம்பித்துவிட்டது.

அந்த அறையின் ஈசான மூலையில்தான் எங்கள் அப்பத்தா உப்பு ஜாடி வைத்திருந்தார். இடுப்பு உயரப் பீங்கான் ஜாடி. அரை மூட்டை கல் உப்பு கொள்ளும். வெள்ளிக்கிழமைதான் உப்பு வாங்குவார், ஜாடியின் அடி தெரிய விடமாட்டார், விளக்கு வைத்த பிறகு யார் கேட்டாலும் உப்பு தரமாட்டார். அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. ஜாடியை எடுக்க மனசு வரவில்லை, பாதி உப்போடு அங்கேயே இருக்கிறது. அந்த மூலை மட்டும் ஐப்பசி, கார்த்திகையில் கறுத்து ஈரமாகிவிடும். மேலே ஓடு ஒழுகவில்லை, ஆள் ஏற்றிப் பார்த்துவிட்டேன்.

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, சொல்கிறார்: “உங்க அப்பத்தா உப்பை வச்சே சுவரைத் தின்னுட்டாக. உங்க புள்ளிதான் செலவு பார்க்கணும்.” எங்க அப்பத்தாவாம். அவருக்கும் அவர்தானே அப்பத்தா! உப்பு என்றதும் எங்கள் பக்கம் தள்ளிவிட்டார்.

சரி, உண்மையிலேயே அது சமையல் உப்புதானா என்று பார்க்க (திட்டாதீர்கள்) விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். மூலையில் இருப்பது அப்பட்டமாகக் கரித்தது. எதிர்ச் சுவரில் இருப்பது அப்படி இல்லை. லேசாகக் கரித்து, அப்புறம் கசந்தது. முகப்புச் சுவரிலும் அதே கசப்பு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக வீட்டைப் புதுக்கினோம். கீழ்ச் சுவரெல்லாம் சிமெண்ட் பூசினார்கள். அப்போதுதான் ஓர் அறைக்கு மட்டும் புதிதாக ஆத்தங்குடிக் கல் (சிமெண்டில் செய்கிற வண்ணத் தரைக்கல்) போட்டோம். அந்தக் கல்லிலும் கொஞ்ச நாளில் வெள்ளையாகப் பால் படர்ந்தது. போன மாதம் அதுவும் உப்புதானே என்று குளியலறை கழுவுகிற ஆசிட்டை ஊற்றித் தேய்த்தேன். புஸ்ஸென்று நுரைத்தது. வெள்ளை போனது, கூடவே பச்சையும் மஞ்சளும் மங்கிவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கேள்வி இதுதான். மூன்று இடத்திலும் இருப்பது ஒரே உப்பா? ஜாடியால் வந்ததா?

சென்னைவாசி_82:

ரொம்ப யோசிக்க வேண்டாம்க்கா. கடையில் வாட்டர்புரூஃப் பெயின்ட் கிடைக்கும். ரெண்டு கோட் அடித்துவிடுங்கள். எங்க அபார்ட்மென்டில் அப்படித்தான் செய்தோம். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

முதலில் ஒன்று. நாக்கில் வைத்துப் பார்ப்பதை இன்றோடு விடுங்கள். 32 வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உப்புப் பகுப்பாய்வு செய்முறை நடத்தியவன் நான். தேவகோட்டையில் இருக்கிறேன். வருடா வருடம் முதல் வகுப்பில் நான் சொல்லும் முதல் வாக்கியம்: “மேசையில் இருக்கிற எல்லாமே உப்புதான், ஒன்றையும் வாயில் வைக்காதே.” ஈய அசிடேட் என்று ஓர் உப்பு உண்டு, இனிக்கும். இனித்துக்கொண்டே நஞ்சேற்றும். இப்படியே தொட்டுத் தொட்டுப் பார்த்தீர்களானால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆனால் உங்கள் நாக்கு பொய் சொல்லவில்லை. அதைத்தான் இப்போது எழுத வருகிறேன்.

உப்பு என்பது ஒரு பொருளின் பெயர் இல்லை, ஒரு கூட்டத்தின் பெயர். ஓர் அமிலமும் ஒரு காரமும் சேர்ந்து ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டால் மிஞ்சுவது தண்ணீரும் ஓர் உப்பும். காரத்திலிருந்து நேர் அயனி வரும், அமிலத்திலிருந்து எதிர் அயனி வரும். அதனால்தான் பெயரிலேயே இரண்டு பக்கத்து வம்சமும் இருக்கும். சோடியம் குளோரைடு, சோடியம் சல்பேட், கால்சியம் கார்பனேட். உங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்தால் எந்தக் கோயில், யார் வீட்டுப் பேரன் என்று இரண்டு பக்கமும் விசாரிக்கிறீர்கள் அல்லவா, அதே விசாரணைதான் லேபிலும். சோடியம் என்ற ஒரு பக்கம் பொதுவாக இருக்கலாம், மறுபக்கம் மாறினால் குணம் மாறிவிடும்.

உங்கள் வீட்டுக்குள்ளேயே எண்ணிப் பாருங்கள். ஆப்பத்துக்குப் போடுகிற சோடா ஓர் உப்பு. படிகாரம் ஓர் உப்பு, பொட்டாசியமும் அலுமினியமும் சல்பேட்டும் சேர்ந்த இரட்டை உப்பு. ஊருணித் தண்ணீர் கலங்கி வந்தால் குடத்தில் படிகாரக் கட்டியை நாலு சுற்றுச் சுற்றி வைப்பார்களே, அலுமினியம் அந்தச் சேற்றுத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கனமாக்கி அடியில் தள்ளிவிடும். சோப்பும் உப்புதான், கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. கடினநீரில் அந்தச் சோடியத்தைத் தள்ளிவிட்டுக் கால்சியம் உட்கார்ந்துகொள்ளும். நுரை வராமல் வாளி ஓரத்தில் திரித் திரியாக ஒட்டுகிறதே, அது சோப்பின் கால்சியம் உப்பு. வெற்றிலைச் சுண்ணாம்பு மட்டும் உப்பில்லை, காரம். அதைத் திறந்து வைத்தால் காற்றிலிருக்கிற கார்பன் டை ஆக்சைடைக் குடித்துக் கால்சியம் கார்பனேட் என்ற உப்பாகிவிடும்.

இந்தக் கடைசி வரியில்தான் உங்கள் வீடே நிற்கிறது. சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, நீற்றி, அரைத்து, சுவரில் பூசினார்கள். அது வருடக்கணக்கில் காற்றைக் குடித்து மறுபடி சிப்பி எதனால் ஆனதோ அதுவாகவே மாறி நிற்கிறது. சுவரும் உப்பு, தரையில் பளிங்குக்கல் இருந்தால் அதுவும் அதே உப்பு. ஆத்தங்குடிக் கல்லில் படர்ந்த பாலும் பெரும்பாலும் அதுவே. கல்லில் இருக்கிற சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மேலே வந்து காற்றுப் பட்டு வெளுத்தது. நீங்கள் ஆசிட் ஊற்றியபோது வெள்ளைக்கு என்ன ஆனதோ அதேதான் கல்லின் மேல்தோலுக்கும் ஆனது. ஆசிட்டுக்கு அழுக்கு எது, கல் எது என்று தெரியாது. போனது போனதுதான். இனிமேல் வெறும் தண்ணீர், அப்புறம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்ட துணி, அவ்வளவு போதும்.

இப்போது மூலைக்கு வருவோம். அங்கே கரித்ததென்றால் சமையல் உப்பு, சோடியம் குளோரைடு. ஓடு ஒழுகாமல் ஏன் நனைகிறது? காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சுத்தமான சோடியம் குளோரைடே காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். கல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது இன்னும் பேராசைக்காரன், 33 சதவீதத்திலேயே ஆரம்பித்துவிடுவான். ஐப்பசி மழையில் உங்கள் ஊர்க் காற்று எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த மூலைச் சுவர் காற்றைக் குடித்துத்தான் நனைகிறது.

எதிர்ச் சுவர்தான் எனக்குச் சுவாரசியம். பஞ்சு மாதிரி, கசப்பு, அடியில் ஏடு ஏடாக உரிவது, எட்டு வருடத்துக்கு முன் சிமெண்ட். எனக்குச் சந்தேகம் சோடியம் சல்பேட் மேல். இந்த உப்பு ஒரு வினோதப் பிறவி. சுமார் 32 டிகிரிக்குக் கீழே, ஈரம் கிடைத்தால், பத்துத் தண்ணீர் மூலக்கூறுகளை மடியில் கட்டிக்கொண்டு படிகமாகும். அதற்கு மேலே சூடானால் அத்தனையையும் உதறிவிட்டுத் தூளாகிவிடும். தண்ணீரோடு சேர்ந்த படிகத்தின் பருமன் தூளைவிட மூன்று மடங்குக்கு மேல். 32 டிகிரி என்பது நம் பக்கத்தில் ஒரு வெயில் பொழுதுக்கும் ஒரு மழைப் பொழுதுக்கும் நடுவில் கடக்கிற எல்லை. ஒவ்வொரு தரம் கடக்கும்போதும் பூச்சின் துளைக்குள் அந்தப் படிகம் வீங்குகிறது, சுருங்குகிறது. சுண்ணாம்பு எத்தனை நாள் தாங்கும்? வெளியே பூக்கிற பஞ்சு பார்வைக்கு அசிங்கம், அவ்வளவுதான். சுவரை உடைப்பது உள்ளே பூக்கிறது.

சந்தேகத்தைச் சோதித்தே பார்த்துவிடலாம். சென்னைத் தம்பி சொன்ன பெயின்டை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். நான்கு பொட்டலம் கட்டுங்கள். மூலை, எதிர்ச் சுவர், முகப்புச் சுவர், நான்காவதாக எந்தக் கோளாறும் இல்லாத நல்ல சுவரிலிருந்து ஒரு சிட்டிகைச் சுரண்டல். நான்காவதை மறக்கக் கூடாது, அதுதான் ஒப்பிட. வாயில் வைக்காமல் தேவகோட்டைக்கு எடுத்து வாருங்கள்.

ஜாடிக்காரி:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் பள்ளத்தூரில் ஊறுகாய், வத்தல் போட்டு விற்கிறேன். வேதியியல் தெரியாது, ஜாடி தெரியும்.

வளவுவீட்டு ஆச்சி, உங்கள் ஜாடியை ஒரு தரம் சாய்த்து அடியைப் பாருங்கள். பீங்கான் ஜாடிக்கு உடம்பெல்லாம் மெருகு இருக்கும், அடி வட்டத்தில் மட்டும் இருக்காது, மண்ணாகத் தெரியும். உப்புத் தண்ணீர் அந்த வட்டத்துக்கு எப்படிப் போகிறது என்று நானும் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். மழைக்காலத்தில் கல் உப்பு கசிந்து தண்ணீர் விடும். அது வாய் விளிம்பில் ஏறும். காயும். காய்ந்த உப்பு இன்னும் கொஞ்சம் தண்ணீரை மேலே இழுக்கும், மறுபடி காயும். இப்படி எறும்பு மாதிரி விளிம்பைத் தாண்டி வெளிப்பக்கமாக இறங்கிவிடும். என் நார்த்தங்காய் ஜாடி ஒன்று ஒரு வருடம் மரப் பலகையில் இருந்தது. எடுத்துப் பார்த்தால் பலகையில் வெள்ளையாக வட்டம். ஆணி துருப்பிடித்துப் பூவாக விரிந்திருந்தது. அதிலிருந்து எல்லா ஜாடிக்கும் அடியில் தட்டு வைக்கிறேன். உங்கள் அப்பத்தா ஜாடி சுவரை ஒட்டியே இருந்திருக்கும்.

அந்தக் காலத்தில் சமையல்கட்டில் உப்புக்கு மரவை (மரக் கிண்ணம்) வைத்திருந்ததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பித்தளையிலும் இரும்பிலும் போட்டால் உப்பு சும்மா இருக்காது.

இதே உப்புதான் எனக்குச் சோறு போடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நார்த்தங்காயைச் சுருள் சுருளாக நறுக்கி உப்பை அடைத்து வைத்தால் மறுநாள் ஜாடியில் முக்கால் சாண் தண்ணீர் நிற்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் நான் ஊற்றுவதில்லை. அத்தனையும் காய்க்குள் இருந்து உப்பு இழுத்தது. காயிலிருந்து இழுக்கிற மாதிரியே கெட்டுப்போக வைக்கிற கிருமியிடமிருந்தும் இழுத்துவிடும், அதனால்தான் ஊறுகாய் நிற்கிறது என்று கல்லூரியில் படிக்கிற என் மகள் சொல்வாள். உப்புக்கண்டமும் அதே கணக்குத்தான், அங்கே கூட வெயிலும் சேரும்.

போன வருடம் ஒரு வேலை பார்த்தேன். வீட்டில் அவருக்கு ரத்தக் கொதிப்பு. சோடியம் குறைந்த உப்பு என்று பாக்கெட்டில் போட்டிருந்ததை வாங்கி, மிச்சமாகிறதே என்று மாவடுவில் போட்டுவிட்டேன். ஒரே கசப்பு. பிறகுதான் மகள் பாக்கெட்டைப் படித்துச் சொன்னாள், அதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அது ஆகாது, டாக்டரைக் கேட்காமல் போடாதே என்றும் சொன்னாள். எங்கள் மாமியாருக்கு அந்தக் கோளாறு உண்டு. நல்லவேளை, கசந்ததால் அவர் தொடவில்லை.

கரணைக்காரன்:

வேதியியல் ஐயா சொல்லிவிட்டார், நான் கரணை பிடிக்கிறவன். என் அப்பாவும் கொத்தனார், தாத்தாவும் கொத்தனார். செட்டிநாட்டு வீடுகளில் பழைய பூச்சு வேலை மட்டும்தான் எடுப்பேன்.

ஆச்சி, உங்கள் வீட்டில் நடந்ததை நான் இருபது வீட்டில் பார்த்துவிட்டேன். கல்யாணம் வரும், அவசரமாகக் கீழ்ப்பூச்சு பழசாகத் தெரிகிறதே என்று கொத்திவிட்டுச் சிமெண்ட் அடிப்பார்கள். முதல் வருடம் பளபளவென்று இருக்கும். நம் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஈரம் ஏறத்தான் செய்யும், அந்தக் காலத்திலும் ஏறியது. சுண்ணாம்புப் பூச்சு வழியாக அந்த ஈரம் வெளியே போய்விடும். சிமெண்ட் பூசினால் சுவருக்குச் சாக்குப் பை மாட்டிய மாதிரி. வழி இல்லாத ஈரம் மேலே மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் இருந்த கறை தொடைக்கு வரும், இடுப்புக்கு வரும். வாட்டர்புரூஃப் அடித்தால் தலைக்கு வரும். போகிற வழியெல்லாம் ஈரம் உப்பைச் சுமந்துகொண்டு போகும். செங்கல்லில் இருக்கிறது, மண்ணில் இருக்கிறது, அந்தச் சிமெண்டிலேயே இருக்கிறது.

பூச்சைப் பார்ப்பதற்கு முன் வளவை, அதாவது நடு முற்றத்தைப் பாருங்கள். நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் மழை வளவில்தான் விழுகிறது. அது வெளியே போகிற வாய்க்கால் அடைத்திருக்கும். ஆள் குடியில்லாத வீட்டில் முதலில் அடைவது அதுதான். வளவில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தெருப்பக்கம் போய் நில்லுங்கள். வரவில்லை என்றால் அத்தனையும் உங்கள் அடித்தளத்துக்குள் போகிறது.

அதற்குப் பிறகு: சிமெண்டைக் கொத்தி எடுக்க வேண்டும், கறைக்கு மேல் ஒரு முழம் வரை. கொத்திவிட்டு உடனே பூசக் கூடாது. ஒரு கோடை முழுக்கச் சுவரை அம்மணமாக விட வேண்டும். பூக்கிற உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே காகிதம் விரித்துப் பிடித்து, வெளியே கொண்டு போய்க் கொட்ட வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்பவும் உள்ளேயே போய்விடும். எல்லாரும் செய்கிற தப்பு அது. அப்புறம் சுண்ணாம்பும் மணலும், கடுக்காய் ஊறவைத்த தண்ணீர் சேர்த்து, கெட்டியாக இல்லாமல் ஒரு பூச்சு. அது நாலைந்து வருடத்தில் உப்பை வாங்கிக்கொண்டு உதிரும். உதிரட்டும். அது உதிர்ந்தால் சுவர் பிழைத்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த வழவழப்புப் பூச்சைப் பற்றிப் பேசவே வேண்டும்.

பெரும்பாலான வீட்டுக்காரர்கள் “ஒரு கோடை” என்றதும் போனை வைத்துவிடுவார்கள்.

வளவுவீட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், நிறைய நடந்துவிட்டது.

முதலில் குடம். வளவில் ஒன்றல்ல, மூன்று குடம் ஊற்றினேன். தெருவில் ஒரு சொட்டு வரவில்லை. வாய்க்கால் வாயில் கையை விட்டால் பூவரச இலை, பாலித்தீன், பந்து ஒன்று. இரண்டு ஆள் வைத்து ஒரு நாள் முழுக்க எடுத்தோம். இப்போது போகிறது.

அடுத்து ஜாடி. பள்ளத்தூர் ஆச்சி சொன்னது அப்படியே சரி. சாய்த்து நகர்த்த மூன்று பேர் தேவைப்பட்டது. இருந்த இடத்தில் தரையில் வட்டமாகத் தடம், அதன் ஒரு பக்கம் சுவரோடு போய் ஒட்டியிருந்தது. ஜாடியின் முதுகுப்பக்கம் வாயிலிருந்து அடி வரை உப்பு ஒரு கொடி மாதிரி இறங்கிக் காய்ந்திருந்தது. முன்பக்கம் ஒன்றுமே இல்லை. முன்பக்கத்தை அப்பத்தா தினமும் துடைத்திருப்பார், பின்பக்கம் யார் பார்த்தது?

பிறகு நான்கு பொட்டலத்தோடு தேவகோட்டைக்குப் போனேன். வாத்தியார் வீட்டுப் பின்கட்டில் ஒரு மேசை, சோதனைக் குழாய்கள், பழுப்புப் புட்டியில் சில்வர் நைட்ரேட். குளோரைடு இருந்தால் அது பட்டதும் வெள்ளையாகத் திரியுமாம். நான் உதவி செய்கிறேன் என்று அவர் பார்ப்பதற்குள் நான்கு பொட்டலத்தையும் குழாய்த் தண்ணீரில் கரைத்துவிட்டேன். அவர் சொட்டு விட்டதும் நான்கும் பால் மாதிரி வெளுத்தன. நல்ல சுவரின் சுரண்டல்கூட! எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே வெறும் குழாய்த் தண்ணீரை ஒரு குழாயில் பிடித்து அதிலும் ஒரு சொட்டு விட்டார். அதுவும் வெளுத்தது. போர்த் தண்ணீரிலேயே குளோரைடு இருக்கிறதாம். அப்புறம் இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற பேட்டரித் தண்ணீரை எடுத்து வந்து, குழாய்களை அதிலேயே அலசி, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம்.

இந்தத் தரம் தெளிவாகப் பிரிந்தது. நைட்ரிக் அமிலம் இரண்டு சொட்டு, பிறகு சில்வர் நைட்ரேட். மூலைப் பொட்டலம் விழுந்த நொடியே தயிர் மாதிரி திரிந்தது. எதிர்ச் சுவரும் முகப்பும் லேசாகக் கலங்கின, அவ்வளவுதான். நல்ல சுவர் அமிலம் பட்டதும் சுறுசுறுவென்று நுரைத்துவிட்டு, சில்வர் நைட்ரேட்டுக்கு அசையவே இல்லை. வேறு குழாய்களில் பேரியம் குளோரைடு விட்டார் (இது நஞ்சு என்று என்னைத் தொடவே விடவில்லை). எதிர்ச் சுவரும் முகப்பும் கெட்டி வெள்ளையாக இறங்கின, அமிலம் விட்டும் கரையவில்லை. சல்பேட். மூலையில் கொஞ்சம்தான் வந்தது.

ஆக மூலை அப்பத்தா ஜாடி. மற்ற இடமெல்லாம் ஜாடி இல்லை. சிமெண்ட் பூசிய சுவர்கள்தான், அதுவும் அடைத்த வாய்க்காலின் பக்கம்.

எட்டு வருடத்துக்கு முன் அந்தச் சிமெண்ட் பூச்சுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது யார் என்று நான் முதல் பதிவில் எழுதவில்லை. சாட்சாத் அந்த அண்ணன்தான். அவர் மகள் கல்யாணம். சோதனைக் குழாய்களைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன், ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் போன் வந்தது. “சரித்தா, மூலை உன் கணக்கு. மிச்சம் பொதுக் கணக்கு. கொத்தனாரு எப்ப வர்றாராம்?” என்றார். பொதுக் கணக்கு என்றால் எனக்கும் ஏழில் ஒரு பங்கு விழும்தான். இருந்தாலும் நான் வாதாடவில்லை. மூலைக்கு முழுப் பொறுப்பு எடுத்துக்கொள்வதில் எனக்கு வருத்தமும் இல்லை.

கரணைக்கார அண்ணன் தை மாதம் வந்து கொத்துகிறேன் என்றிருக்கிறார், சித்திரை, வைகாசி வெயில் முழுக்கச் சுவர் காயட்டுமாம். ஜாடியை முகப்புத் திண்ணைக்கு மாற்றிவிட்டேன், அடியில் தட்டோடு. உள்ளே இருந்த பழைய உப்பைக் கொட்ட மனசில்லாமல் ஒரு பிடி மட்டும் எடுத்து வந்து வீட்டு மரவையில் போட்டிருக்கிறேன். சமையலுக்கு இல்லை, சும்மா.

வாத்தியார் ஐயாவுக்கு ஒரு சின்னச் சந்தேகம். அன்றைக்கு வலது கை ஆள்காட்டி விரல் கறுத்துப் போனது. சோப்பு, சீயக்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் தேய்த்தாயிற்று, போகவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் ஓட்டுப் போட்டு வந்தாயா என்று கேட்கிறார்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

புட்டியைத் தொடாதே என்று சொன்னதற்குப் பிறகும் மூடியைத் துடைத்தீர்களே, அதுதான். சில்வர் நைட்ரேட் தோலில் பட்டு, வெளிச்சத்தில் நுண்ணிய வெள்ளித் துகளாகி உட்கார்ந்துவிட்டது. ஓட்டு மையிலும் இதே உப்புதான், அதனால் கேட்கிறவர்கள் தப்பாகக் கேட்கவில்லை. தேய்க்காதீர்கள், விரல்தான் புண்ணாகும். மேல்தோல் உதிரும்போது தானாகப் போய்விடும், இரண்டு வாரம் பிடிக்கலாம். என் விரல் 32 வருடம் இப்படித்தான் இருந்தது.